ஆயா கை நீட்டியதாக நீ எழுதியிருந்தாய்

அன்பு மகன் அருளுக்கு,

உன் அம்மா எழுதுவது. நீயும் லூர்துமேரியும், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேத்தியும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் கடிதம் வந்த நேற்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோயிலுக்குப் போனேன், ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து அதைத் தீய விட்டேன். தீய்ந்த வாடை பிடித்து வந்த அடுத்த வீட்டுப் பெண், "என்னங்க, திருச்சியில எல்லாரும் சொகந்தானே?" என்று கேட்டாள். பேத்தி பிறந்திருக்கிறது என்றேன். "அதுக்கா மொகத்த இப்புடி வச்சிருக்கீங்க? பொண்ணுன்னா என்னங்க, மகராசியா வளரட்டும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். பேத்தி பிறந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லையப்பா. என்னை உட்கார விடாமல் செய்தது உன் கடிதத்தின் பின்பாதி.

நீ எழுதியதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பிரசவம் முடிந்ததும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயா கொண்டுவந்தாள். பெண் குழந்தை என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றாள். என்ன என்று நீ கேட்டதற்கு, பையன் என்றால் ஐந்து ரூபாய் கேட்போம் சார், பொண்ணுதானே, மூன்று கொடுங்கள் என்றாள். நீ ஒரு பைசா தரவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி மானேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். வருகிற திங்கட்கிழமை விசாரணை. உன்னை நேரில் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நீ சொன்னால் அவளுக்கு வேலை போய்விடும். கடைசியில், 'நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் அம்மா' என்று முடித்திருந்தாய். நான் பக்கத்தில்தான் இருந்திருப்பேன். யார் பக்கத்தில் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று நம்பி எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

உன் அப்பா கண்டித் தோட்டத்தில் காய்ச்சலில் போனது புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தபோது நான் கறுப்புச் சேலையில் மூலையில் கிடந்தேன். உன்னை ஆவூர் போர்டிங்கில் சேர்த்துவிட்டு நான் புதுக்கோட்டைக்குப் போனேன். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மா, பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அதைச் சொன்னதும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சம்பளம் பதினைந்து ரூபாய் என்றார்கள். நான் உன் போர்டிங் செலவை விரல்விட்டுக் கணக்குப் பார்த்ததைக் கண்டு, "சம்பளம் கொஞ்சம் கம்மிதான். மிச்சத்தை வர்றவங்க பாத்துக் குடுப்பாங்க" என்றார்கள். அந்தச் சொல்லை நன்றாகக் கேட்டுக்கொள், அருள். நான் யாரிடமும் கை நீட்டுவதற்கு முன்பே, நான் கை நீட்டுவேன் என்று வைத்துத்தான் என் சம்பளத்தை முடிவு செய்தார்கள்.

எனக்கு வேலை பழக்கியவள் பாக்கியம். திருவரங்குளத்துக்காரி. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷனைப் பாயில் கிடத்திவிட்டு தினமும் பஸ்ஸில் வந்து போவாள். கொப்பரையில் வெந்நீர் போடுவது, இரத்தத் துணி அலசுவது, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் கையைப் பார்த்துக் கற்றதுதான். இன்னொன்றும் கற்றுக் கொடுத்தாள். "பையன்னா ஓட்டம், பொண்ணுன்னா நடை" என்பாள். பையன் பிறந்தால் நர்ஸுக்கு முன்னால் ஆயா ஓடிப்போய் வெளியே நிற்கிற ஆண்களிடம் கத்திச் சொல்ல வேண்டும். சந்தோஷம் ஆறுவதற்குள் அவர்கள் கை மடிக்குப் போகும். பெண் பிறந்தால் அவசரமே இல்லை. நர்ஸ் போய்ச் சொல்லட்டும். அந்த முகத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்? "காசு குடுக்காட்டிகூடப் பரவால்ல, நம்மளப் பாக்கிற பார்வையப் பாரு, நம்மதான் பொண்ணப் பெத்துக் குடுத்த மாதிரி" என்று சிரிப்பாள்.

முதல் மாதத்தில் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்குப் பேரன் பிறந்தான். இரண்டு ரூபாய்த் தாளை என் கையில் வைத்தார். வாங்கிய கை கூசியது. கூசியதென்று திருப்பிக் கொடுத்துவிடவில்லை; உன் போர்டிங்குக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் ஒருவருக்குப் பெண் பிறந்தது. அவர் இடுப்பில் தடவித் தடவித் தேடி ஒரு அம்மன் காசை எடுத்துக் கொடுத்தார். சமஸ்தானத்தோடு அந்தக் காசும் செல்லாமல் போயிருந்தது. அவருக்கும் அது தெரியும். கொடுத்தேன் என்ற பேருக்குக் கொடுத்தார். பாக்கியம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "செல்லாத புள்ளைக்குச் செல்லாக் காசு" என்று கிணற்றில் போட்டாள். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் எனக்குள் ஒன்று வந்துவிட்டதை நானே கண்டுபிடித்தேன். வலியில் துடிக்கிற பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே, பையனாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பேன். அவளுக்காக அல்ல. மாதக் கடைசி என்பதற்காக. அப்படி வேண்டிக்கொண்டதும் சிலுவை போட்டுக்கொள்வேன். வேண்டாமலும் இருக்க முடியாது.

அந்த வேனிலில் கீரமங்கலத்திலிருந்து செல்லாயி என்று ஒருத்தி வந்தாள். பலாப்பழம் ஏற்றி வந்த வண்டியிலேயே அவளையும் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான் புருஷன். ஏற்கெனவே மூன்று பெண்கள். நாலாவதும் பெண்ணே. நர்ஸ் போய்ச் சொன்னதும் அவன், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று போனவன்தான், வரவில்லை. எனக்கு அன்று காலையில் முறை இல்லை. மத்தியானம் நான் உள்ளே வந்தபோது அவள் நனைந்த துணியிலேயே கிடந்தாள். பக்கத்தில் பிள்ளையை ஒரு பழைய துண்டில் சுற்றிப் போட்டிருந்தார்கள். பிறந்தபோது உடம்பில் ஒட்டியிருந்ததெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. அது அழக்கூட இல்லை. என்னைக் கண்டதும் செல்லாயி கையை அசைத்தாள்.

"யக்கா, இங்கிட்டு வாங்க."

போனேன். அவள் காதுக்குக் கையைக் கொண்டுபோய், திருகாணியைத் திருகி, ஒரு தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஒண்ணுங் குடுக்காமப் போயிட்டாருன்னு தெரியுங்க்கா. இத வச்சுக்கங்க. புள்ளயக் குளுப்பாட்டிக் குடுங்க. பொட்டப்புள்ளதான். ஆனா அதுக்கும் அழுக்கு ஒட்டுமுல்ல."

மகனே, அந்தத் தோடு என் கையில் சுட்ட சூடு இதை எழுதும்போதும் தெரிகிறது. "போட்டுக்கம்மா" என்று சொல்லி நானே அவள் காதில் மாட்டப் போனேன். துவாரம் கிடைக்கவில்லை. அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள். பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். நல்ல சிவப்பு. தலை நிறைய முடி. தண்ணீர் பட்டதும்தான் வீல் என்று அழுதது. அதைக் கேட்டு செல்லாயியும் அழுதாள்.

நேரே பாக்கியத்திடம் போனேன். அவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "ஏன் அந்தப் பிள்ளைய அப்படியே போட்டே?" என்று கேட்டேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"காலையிலேருந்து நான் உக்காரல. மூணு பிரசவம். எது முடியுமோ அதச் செஞ்சேன்."

"பையன் பொறந்த ரெண்டு பேரையும் பளிச்சுனு வச்சிருக்கியே."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஆமா. வச்சிருக்கேன். அவுக குடுத்தாக. பதினஞ்சு ரூவாய்க்கு ஒரு ஆளு எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் ஓடும். அதுக்கு மேல ஓடுறதுக்கு எவன் காசு குடுக்குறானோ அவன் பிள்ளைக்குத்தான் ஓடுவேன். எம்புருசனுக்கு மருந்து வாங்கணும். ஒனக்குப் படிப்பு இருக்கு, நாயம் பேசுறே. நாயத்தப் போயி டாக்டரம்மாட்டப் பேசு."

அவள் கோபத்தில் சொன்னாள். நான் அதையே செய்தேன். டாக்டரம்மாவின் அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். ஆள் பேரைச் சொல்லவில்லை. "எங்க சம்பளத்த ஏத்திக் குடுங்கம்மா. அதுக்கு வேண்டியத பில்லுலயே போட்டுருங்க. இனாமே வேணாம். பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே கைதான்னு ஆகட்டும்" என்றேன். அவர்கள் கண் கலங்கக் கேட்டார்கள். "நானே இத நிறுத்தணும்னு நினைச்சிட்டிருந்தேன். நீ தைரியமா வந்து சொன்னே" என்று என் தோளைத் தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரமே வாசலில் பலகை வந்தது: 'ஆயாக்களுக்கு இனாம் கொடுக்கக் கூடாது. வாங்குபவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள்.' சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது, "கட்டடத்துக் கடன் இருக்கு, பாப்போம்" என்றார்கள்.

பலகை தொங்கியது, பதினைந்து ரூபாயும் அப்படியே தொங்கியது. வருகிறவர்களுக்கு நிம்மதி. மண்டிக்காரர் வீட்டில் இன்னொரு மருமகளுக்குப் பிரசவம் நடந்தபோது அவர் பலகையைக் காட்டி, "எனக்குக் குடுக்கணும்னு ஆசைதான், சட்டம் போட்டுட்டாங்களே" என்று சிரித்தார். உன் போர்டிங்கிலிருந்து பங்குச் சாமியார் ஆள் விட்டுப் பணம் கேட்டார். நான் அடுத்த மாதம் என்று சொல்லி அனுப்பினேன். பாக்கியம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். வெந்நீரை எடுத்துக் கொடுக்கும்போது கூடச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் சுத்தமானார்களா என்றால் அதுவும் இல்லை. முன்பு பெண் பிள்ளைகள் மட்டும் காத்துக் கிடந்தன. இப்போது இரண்டும் காத்துக் கிடந்தன. எதிலும் யாருக்கும் கை ஓடவில்லை. நல்லது செய்யப் போய் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்குள் புழுங்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, அறந்தாங்கிக்காரர் ஒருவருக்கு வெகு காலம் கழித்துப் பையன் பிறந்தான். அந்த மனுஷன் அழுதுகொண்டே பாக்கியத்தின் கையைப் பிடித்து ஒரு ரூபாயை வைத்து மூடினார். அவள் கேட்கவில்லை. நான் மூன்று அடி தள்ளி நின்று பார்த்தேன். கம்பவுண்டரும் பார்த்தார். மத்தியானத்துக்குள் எங்கள் எல்லோரையும் டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"பாக்கியம், பலகைய நீ படிக்கலியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டாக."

"இன்னியோட நீ நின்னுக்க." பிறகு என்னிடம் திரும்பினார்கள். "நீதான் முதல்ல வந்து சொன்னவ. நீ சொல்லு. இவ வாங்கினத நீ பாத்தியா, இல்லியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகியிருக்கும். பார்த்தேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மையாகாது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பாத்தேங்கம்மா. அவ கேக்கல. அவுக குடுத்தாக. எனக்குக் குடுத்திருந்தா நானும் வாங்கியிருப்பேன்."

"நீயா? நீதானே இனாம் வேண்டாம்னு சொன்னே?"

"இனாம் வேணாம், சம்பளத்த ஏத்துங்கன்னு சொன்னேம்மா. நீங்க பாதியக் கேட்டுக்கிட்டுப் பாதிய விட்டுட்டீங்க."

அவர்கள் முகம் சிவந்துவிட்டது. அது வரை யாரும் அவர்களிடம் அப்படிப் பேசியதில்லை. "அப்ப நீயும் போகலாம்" என்றார்கள். உன் முகம் கண்ணுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று உதடு வரை வந்தது. பாக்கியம் அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒன்ன யாருடி வரச் சொன்னது? நீயாச்சும் உள்ள இருந்தா ஒரு சம்பளம் மிஞ்சும். அதுல ரெண்டு வீட்டுக்கும் கஞ்சி ஊத்தலாம். இப்ப ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுமில்ல. படிச்ச புத்தியப் பாரு!" தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு திருவரங்குளம் பஸ் வந்ததும், "ஏறு" என்றாள். ஆஸ்பத்திரியை விட்டால் எங்கே தங்குவது என்று எனக்கும் தெரியாததால் ஏறினேன். அவள் வீட்டில் தங்கி அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் கடலை பிடுங்கப் போனோம். அவள் புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்க நான் ஒரு பக்கம் பிடிப்பேன். அந்த மனுஷன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பாக்கியம் ஒரு முகச் சுளிப்பும் இல்லாமல் அவரைத் துடைத்துவிடுவாள். அந்தக் கைதான் செல்லாயியின் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனது என்பதை என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. பிடுங்கிய செடியோடு வரப்பில் அப்படியே நின்று யோசிப்பேன். "மரமா நிக்காதடி, கூலிய வெட்டிருவான்" என்று கத்துவாள்.

கடலை முடிவதற்குள் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். இரண்டு பேரையும் டாக்டரம்மா வரச் சொன்னதாகச் சொன்னார். புதிதாக எடுத்த ஆயாக்கள் ஒரு வாரம் கூடத் தங்கவில்லையாம். நான் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். பாக்கியம் எழவில்லை. "போன்னு சொன்னது அவுக. வான்னும் அவுகளே வந்து சொல்லட்டும்" என்றாள். கம்பவுண்டர் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் வந்ததைத் தட்டிவிட்டாளே என்று அவளோடு சண்டை போட்டேன். ஆனால் மறுநாள் டாக்டரம்மா காரில் வந்து அந்தக் குடிசை வாசலில் இறங்கினார்கள். உள்ளே வந்து முதலில் பாக்கியத்தின் புருஷனைத்தான் பார்த்தார்கள். படுக்கைப் புண்ணைப் புரட்டிப் பார்த்து, மருந்து எழுதி, பிறகு எங்களிடம் பேசினார்கள். சம்பளத்தை இருபத்தைந்து ஆக்குவதாகவும், அதற்காகப் பிரசவ பில்லில் ஒரு தொகையைச் சேர்ப்பதாகவும், பையனோ பெண்ணோ அது ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். நான் கும்பிட்டேன்.

பாக்கியம், "அந்தப் பலகையக் கழட்டிருங்க" என்றாள்.

"பலகை இருக்கட்டும் பாக்கியம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அதுதான் சம்பளத்த ஏத்திட்டாங்கல்ல. இனிமே எதுக்கு இனாம்?"

"நீ சும்மா இரு. கேக்கக் கூடாதுன்னு போடட்டும். புள்ளயக் குளுப்பாட்டுறதுக்கு முன்ன காசுப் பேச்சு கூடாதுன்னு போடட்டும். வீட்டுக்குப் போற அன்னிக்கு, மனசு நெறஞ்சு ஒருத்தன் குடுக்கிறான்னா, அவன் கையக் கட்டுறதுக்கு நாம யாரு?"

டாக்டரம்மாவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். அவர்கள் யார் பேச்சுக்கும் ஒத்துக்கொள்ளாமல் காரில் ஏறினார்கள். நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது பலகையில் வேறு எழுத்து இருந்தது: 'ஆயாக்கள் இனாம் கேட்கக் கூடாது.' அவ்வளவுதான். கொடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. படித்துச் சொன்னேன். பாக்கியம் "ம்" என்றாள்.

அதற்குப் பிறகு பிறந்த முதல் பிள்ளை பெண். நான் உள்ளே தொப்புளுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம், "பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு! ஓடியாங்க!" என்று ஒரு சத்தம். வார்டே திரும்பிப் பார்த்தது. பாக்கியம்தான். தலைமுடி அவிழ, மூச்சு வாங்க ஓடியிருக்கிறாள். அந்த அப்பன்காரன் ஏதோ பெரிய செய்தி என்று மிரண்டுபோய் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டானாம். திரும்பி வந்தவள் என்னிடம், "ஓடிப் பாத்தேன். இதுக்கும் ஓட முடியுது" என்றாள்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. சம்பளம் ஏறிய பிறகும் பையனைப் பெற்றவர்களே அதிகம் கொடுத்தார்கள். நானும் சில சமயம் வாங்கினேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை உன் போர்டிங்குக்குப் போன பணத்தில் யார் யாரோ பிள்ளை பெற்ற சந்தோஷம் கலந்திருக்கிறது. கொடுப்பது சரியா என்று நீ கேட்டால் என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு ஓட்டலில் காபி சாப்பிட்டேன். கொண்டுவந்து வைத்தவர் மேஜையைத் துடைத்துவிட்டு ஒரு நொடி கூடுதலாக நின்றார். கொடுக்காமல் எழுந்தால் அவர் வீட்டு அடுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கொடுத்துவிட்டு எழுந்தால், அவர் முதலாளிக்கு நானே ஒத்தாசை செய்துவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது. பத்து பைசாவை வைத்துவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி வெளியே வந்தேன். இத்தனை வயதில், இத்தனை வருஷம் வாங்குகிற பக்கத்தில் நின்றவளுக்கு இந்தத் தவிப்பு. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். வேலைக்கு முன்னால் பிடுங்குகிற காசு பயத்தின் காசு; செல்லாயியின் தோடு அது. வேலை முடிந்து மனசு நிறைந்து வருவது வேறு. இரண்டையும் எதிர்பார்க்கிற நிலையில் ஒருத்தியை வைப்பது அவள் மட்டும் செய்த காரியம் இல்லை.

அதனால் திங்கட்கிழமை நீ போ. போகாதே என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லவும் சொல்லவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டாமல் காசு கேட்டாளா, லூர்துமேரியை ஈரத்தில் போட்டுவிட்டுக் காசு கேட்டாளா என்று உன் பெண்டாட்டியிடம் முதலில் கேள். அப்படிச் செய்திருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல். நானும் உன்னோடு நிற்பேன். அப்படி இல்லையென்றால், அவளுக்கு மாதம் என்ன தருகிறீர்கள் என்று அந்த மானேஜரைக் கேட்டுவிட்டு, அதையும் விசாரணையில் எழுதச் சொல்.

இனிமேல் எழுதப் போவதற்கு என்மேல் கோபப்படாதே. அவள் பெண்ணுக்கு மூன்று ரூபாய் கேட்டாள், நீ மறுத்தாய். கொள்கைக்காக என்று எழுதியிருக்கிறாய். பையன் பிறந்து அவள் ஐந்து கேட்டிருந்தால் மறுத்திருப்பாயா? உன் கை அப்போது பைக்குள் போயிருக்காதா? பைக்குள் போயிருக்காது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் உன்னைப் பெற்றதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தால் கூட, அந்தச் சந்தேகத்துக்கு அந்த ஆயாவை விலை கொடுக்க வைக்காதே. அந்தப் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது என் மகன் முகத்தில் இருந்ததா என்று யோசித்துத்தான் என் குழம்பு தீய்ந்தது.

கடைசியாக ஒன்று. உன் கல்யாணம் பேசும்போது லூர்துமேரி வீட்டாரிடம், அம்மா நர்ஸாக இருந்தவர்கள் என்று நீ சொன்னாய். சம்பந்தியம்மாள் என்னை "நர்ஸம்மா" என்று கூப்பிட்டபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய். கல்யாண வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்று வரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்காக உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

திங்கட்கிழமை அந்த அறைக்குள் போவாய். உனக்கு நாற்காலி போடுவார்கள். அவள் நின்றுகொண்டிருப்பாள். மானேஜர், நடந்ததைச் சொல்லுங்கள் சார் என்பார். ஆரம்பிக்கும் முன் அவள் முகத்தைப் பார்த்து, "எங்க அம்மாவும் ஆயாதான்" என்று சொல். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

பேத்திக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா